அப்பச்சி தூங்கும் நேரம்

மானகிரிக்கு நான் போனது ஒரு திங்கட்கிழமை, சித்திரை வெயிலில், ஸ்கூட்டரின் முன்னால் டூல் பையை வைத்துக்கொண்டு. பேயைப் பார்க்கப் போகவில்லை. வீட்டில் வைத்திருக்கும் ஸ்டோரேஜ் சர்வர் தினமும் நின்றுபோகிறது என்று போன் வந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

என் பெயர் இன்பமேரி. சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். காரைக்குடி நூறடி ரோட்டில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் உங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். இந்தத் தொழிலில் பாதிப் பேய் எர்த்தில் இருக்கும், மீதிப் பாதி கழன்ற கேபிளில் இருக்கும். அப்படித்தான் அன்று வரை நம்பியிருந்தேன்.

கூப்பிட்டவர் தேனம்மை ஆச்சி. ஐம்பத்தாறு வயது. கணவர் இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அப்பாவும் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிப் பதினான்கு அறை, நடுவில் ஒரே ஒரு மனுஷி. பாவம், வாடிப்போய் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினால், ஆளுக்கு முன்னால் குரல் வந்து வாசலில் நின்றது.

"வாத்தா, வேகாத வெயில்ல வந்திருக்க. மொதல்ல மோரைக் குடி, பெறகு வேலையப் பாரு."

கணீரென்ற குரல். வளவின் அந்தக் கோடியில் இருக்கும் தூணில் பட்டுத் திரும்பி வந்தது. அந்தக் குரலுக்கு அவர் ஒரு நல்ல வேலையும் கண்டுபிடித்திருந்தார். கண் தெரியாதவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார். நாலு வருட உழைப்பு. ஏழு புத்தகம், இருநூற்றுச் சொச்சம் பாடம், பக்கங்களின் படங்களோடு சேர்த்து எல்லாம் அந்தச் சர்வரில் இருந்தது. திருப்பத்தூரில் தீபலட்சுமி என்ற பெண்ணும், இன்னும் எட்டுப் பேரும் அதிலிருந்து இறக்கிக் கேட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தேர்வுக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

"இது போச்சுன்னா அந்தப் பிள்ளைகளுக்கு வேற புத்தகம் இல்லத்தா. காதாலதான் படிக்கிறாக" என்றார் ஆச்சி.

"வேற எங்கயாச்சும் காப்பி எடுத்து வச்சிருக்கீகளா?"

"அதான் ரெண்டு டிஸ்க் போட்டிருக்கே. ஒண்ணுல எழுதுறதை இன்னொண்ணுலயும் எழுதிக்கிருமாமே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே பெட்டிக்குள் இரண்டு பிரதி வைப்பது, சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பது மாதிரி. தொலைந்தால் சேர்ந்தே தொலையும். சொன்னால் வருத்தப்படுவாரே என்று மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

சர்வர் இருந்தது உள்ளறையில். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். உள்ளங்கையை வைத்தால் மண்பானை மாதிரி சில்லென்றிருக்கும். வெயில் ஏறியதும், மெஷின் சூடாகக் கூடாது என்று பத்து நாளைக்கு முன்னால்தான் அங்கே மாற்றி வைத்திருந்தார். இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அங்கேதான் வைப்பார்கள். உள்ளறை இருக்கும்போது ஏசிக்கு எவன் கொடுப்பான் காசு? ஒரு பெரிய தேக்குக் கட்டில், அதன் கால்மாட்டில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் சர்வர்.

"அப்பச்சி படுக்கிற ரூமு" என்றார் ஆச்சி. அப்பாவை அங்கே அப்பச்சி என்பார்கள். படுத்த ரூமு என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எர்த் சரியாக இருந்தது. யுபிஎஸ் சரியாக இருந்தது. கேபிள்களை மாற்றினேன், மெமரியைச் சோதித்தேன், இரண்டு டிஸ்க்கையும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. டிஸ்க்குகள் சுற்றுகிற ரீங்காரம் அறையில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல டிஸ்க்கின் சத்தம் எனக்குத் தாலாட்டு.

பன்னிரண்டு நாற்பதுக்கு அது நின்றது.

ஃபேன் ஓடுகிறது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறது. சர்வர் மட்டும் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், நின்றது. மறுபடி போட்டேன், நின்றது.

"இப்படித்தான்" என்றார் ஆச்சி. "இனி மூணு மணிக்குத்தான் ஓடும்."

"ஏன் ஆச்சி இவ்வளவு மெதுவாப் பேசுறீக?"

"நானா?" அவரே திடுக்கிட்டார். பிறகு அதே கிசுகிசுப்பில் சொன்னார். "அப்பச்சி தூங்குற நேரம்ல. பழகிப்போச்சு."

அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இன்னொன்றும் உறைத்தது. நான் கேட்ட கேள்வியையும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டிருந்தேன்.

பவர் சப்ளையாகத்தான் இருக்கும் என்று சர்வரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். புது பவர் சப்ளை போட்டு மூன்று நாள் இடைவிடாமல் ஓடவிட்டேன். மூன்று மதியமும் ஒரு முனகல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி சமத்தாக ஓடியது. அங்கேயே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சரி செய்தாகிவிட்டது என்ற திமிர். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் என் பங்கு அது, மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுபோய் அதே ஸ்டூலில் வைத்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு நின்றது. இந்த முறை சும்மா நிற்கவில்லை. முதல் டிஸ்க் "டக், டக், டக்" என்று மூன்று முறை அடித்துக்கொண்டு அடங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அந்த டிஸ்க் செத்துவிட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினாறு வருடத்தில் ஒரு மெஷினும் என்னை இப்படி முட்டாளாக்கியதில்லை. மிச்சமிருந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு, என் பையிலிருந்த சோதனை டிஸ்க்கைப் போட்டேன். அது புது மாதிரி. உள்ளே சுற்றுகிற பாகமே கிடையாது, சத்தமே வராது. சர்வர் அலுங்காமல் ஓடியது. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடியது.

அதைக் கழற்றிவிட்டு, சுற்றுகிற பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் நின்றது.

சர்வரை வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டேன். அங்கேயும் அதே கதை. சத்தமில்லாத டிஸ்க் ஓடுகிறது. சத்தம் போடுகிற டிஸ்க் நிற்கிறது.

பழுது பார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார், எதை மாற்றினால் பழுது போகிறதோ அதுதான் காரணம். கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, டிஸ்க் இல்லை, இடமும் இல்லை. மிஞ்சியது நேரமும் சத்தமும்தான்.

மெஷினே இல்லாமல் பார்த்துவிடுவோம் என்று என் போனைத் திறந்து, எஃப்எம்மைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, உள்ளறைக்குத் திரும்பிக் கட்டில் மேல் வைத்தேன். ஏதோ விளம்பரம் ஓடியது. ஆச்சி என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் ஐஸாக இருந்தன.

"வேணாம்த்தா" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

விளம்பரம் நின்றது. போன் அணைந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒரு பெரிய வீட்டை ஒரே செருமலில் அடக்கிப் பழகிய தொண்டை அது. கட்டிலின் தலைமாட்டிலிருந்து வந்தது. ஈரத் துண்டின் வாடை மெல்ல அறை முழுக்கப் பரவியது, நாள்பட்டு மக்கிய ஈரம்.

நாங்கள் இருவரும் மூச்சை அடக்கி நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று மணிக்குக் கட்டில் கிறீச்சிட்டது, படுத்திருந்தவர் எழுந்து கால் தொங்கப் போட்டு உட்காருவது மாதிரி. அதன் பிறகுதான் வெளியே காக்கைச் சத்தமே எனக்குக் கேட்டது.

ஆச்சி வளவுக்கு வந்ததும் சொன்னார். "பன்னெண்டு நாப்பதுலருந்து மூணு வரைக்கும் இந்த வீட்ல ஈ பறக்கக் கூடாது. சமையக்கட்டுல கரண்டி விழுந்தா சமைக்கிறவளுக்கு அன்னிக்குச் சோறு இல்ல. எங்க ஆத்தா இருமலை முந்தானையில அமுக்கி அமுக்கியே நெஞ்சுச்சளியில போனாக. ஒம்பது வயசுல, பள்ளிக்கூடப் போட்டிக்காக ஒரு செய்யுளை உரக்கப் படிச்சிட்டேன். அப்பச்சி எந்திரிச்சு வந்தாக. ஏசல, அடிக்கல. நெத்தியில போட்டிருந்த ஈரத்துண்டை எடுத்து என் வாயைக் கட்டினாக. மூணு மணி வரைக்கும். பெறகு அவிழ்த்துட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டாக."

"போட்டி?"

"போகல. அதுக்கப்புறம் எந்தப் போட்டிக்கும் போகல."

எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. ஆனாலும் அந்த நிமிடம் செத்தவர் என்றுகூடப் பார்க்காமல் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வளவின் சூடு ஆகாது என்று சர்வரை உள்ளறை ஸ்டூலுக்கே கொண்டுபோய், மிஞ்சிய டிஸ்க்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். எழவில்லை. இரண்டாம் முறையும் எழவில்லை. மூன்றாம் முறை முனகிவிட்டு நின்றது. நாலாம் முறை, மாதாவே என்று கையை வைத்துக்கொண்டு போட்டேன். திணறித் திணறிச் சுற்ற ஆரம்பித்தது. அதன் ரீங்காரத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. கேட்டதுமே தெரிந்தது, இன்னொரு முறை நின்றால் இது எழாது.

கோப்புகளைத் திறந்து பார்த்தபோது அடுத்த அடி விழுந்தது. புவியியல் புத்தகத்தின் பதினோரு பாடமும் காலி. கோப்பு இருக்கிறது, நீளம் இருக்கிறது, உள்ளே ஆச்சியின் குரல் மட்டும் இல்லை. ஒன்றைப் போட்டுக் கேட்டேன். "மூன்றாம் பாடம்" என்று ஆச்சி ஆரம்பிக்கிறார். பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் யாரோ நிதானமாக மூச்சு விடுகிறார்கள்.

"எத்தனை மதியம் நின்னுச்சு ஆச்சி, இதுவரைக்கும்?"

அவர் விரல்விட்டு எண்ணினார். பதினொன்று.

ஆக, நின்ற ஒவ்வொரு மதியத்துக்கும் ஒரு பாடம் போகிறது. மற்றதையெல்லாம் உடனே வேறு டிஸ்க்கில் எடுத்தாக வேண்டும். காப்பியைத் தொடங்கிவிட்டு நேரத்தைப் பார்த்தேன். டிஸ்க் பலவீனமாக இருந்ததால் ஊர்ந்தது. இருபத்தாறு மணி நேரம் என்று காட்டியது. வெள்ளி மாலை நாலு மணிக்குத் தொடங்கினால், சனி மாலை ஆறு மணி. நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோகவும் முடியாது, நிறுத்தினால் எழாது. நடுவில் ஒரு மதியம் குறுக்கே படுத்துக் கிடந்தது.

"ஒரு மதியம்தானே" என்றார் ஆச்சி.

"சத்தம் கேட்டா நிறுத்திருவாரே ஆச்சி."

 ஆச்சி எழுந்து போய்ப் புத்தகத்தையும் மைக்கையும் எடுத்து வந்தார். "போனு பாடினப்ப அவுக போனுகிட்டதானே வந்தாக? எந்தச் சத்தம் பெருசோ அதைத்தான் அவுக மொதல்ல அடக்குவாக. நான் மிசினை விட உரக்கப் படிக்கிறேன். எங்கிட்டயே வரட்டும். எப்படியும் பதினொண்ணையும் திரும்பப் படிக்கணும்ல."

அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. பயந்துதான் இருந்தார். பயந்துகொண்டேதான் அதைச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சர்வர் பக்கத்தில், தரையில். வெளியே வெயில் கொளுத்துகிறது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பட்டப்பகலுக்கு இவ்வளவு மௌனம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்கு ஆச்சி புத்தகத்தைப் பிரித்தார்.

"முதல் பாடம். பருவக் காற்றுகள்" என்றார். குரல் நடுங்கியது. "கடலிலிருந்து நிலத்தை நோக்கி..."

டிஸ்க்கின் சுருதி இறங்கியது.

"ஆச்சி, உரக்க!"

"கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் காற்று" என்று அவர் கத்தினார். கத்திய கத்தலில் தூணெல்லாம் அதிர்ந்தது. டிஸ்க் மறுபடி சுருதி பிடித்தது.

கட்டில் கிறீச்சிட்டது.

செருமல் கேட்டது. ஆச்சியின் தோள் சிறுபிள்ளையின் தோள்போல் ஒடுங்கியது. ஆனால் வாய் நிற்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் செருமல் கட்டிலிலிருந்து வரவில்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஈரத்துண்டின் வாடை என் கண்ணை எரித்தது.

திடீரென்று ஆச்சியின் குரல் அறுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் உதடுகள் அசைய முயல்கின்றன. சத்தம் வரவில்லை. இரண்டு கன்னத்திலும் ஒரு பள்ளம் விழுந்து காதை நோக்கி இறுகுகிறது. வாயோரத்துத் தோல் பின்னால் இழுபட்டு வெளுக்கிறது. அங்கே துணி இல்லை. துணி கட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

என் பக்கத்தில் டிஸ்க் முனகியது. சுற்று குறைகிறது.

நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் நம்பமுடியவில்லை. பாய்ந்துபோய் அவர் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினேன். விட்ட இடம் தெரியாது. கண்ணில் பட்ட வரியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் ஜெபமாலை சொல்லிப் பழகிய தொண்டையால் கத்தினேன். "மழை பொழியும் அளவு இடத்துக்கு இடம் மாறுபடும்!"

என் வாயில் ஈரம் வந்து மோதியது. குளிர்ந்து, கொழகொழவென்று, பழைய எண்ணெய்ச் சுவையோடு. பின்னந்தலையில் யாரோ முடிச்சுப் போடுவது தெரிந்தது. அவசரமே இல்லாத கைகள்.

ஆனால் ஆச்சியின் வாய் அவிழ்ந்துவிட்டது.

"இடத்துக்கு இடம் மாறுபடும்" என்று அவர் எடுத்தார். அழுதுகொண்டே எடுத்தார். "இதற்கான காரணங்களைக் காண்போம்!" துண்டு என்னை விட்டு அவரிடம் போனது. உடனே நான் எடுத்தேன். என்னிடம் வந்தது. அவர் எடுத்தார். பதினாறு வருடத் தொழிலில் எத்தனையோ பழுதுக்குக் காரணம் கண்டுபிடித்திருக்கிறேன், இதைப்போல ஒன்றுக்குச் சந்தோஷப்பட்டதில்லை. அப்பச்சியிடம் இருந்தது ஒரு துண்டு. எங்களுக்கு இரண்டு வாய்.

ஒரு மணியாயிற்று. ஒன்றரையாயிற்று. முதல் பாடம் முடிந்து இரண்டாம் பாடத்துக்குப் போனோம். வாயோரம் வெடித்து ரத்தம் கசிந்தது. கட்டில் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, வரியை மட்டுமே பார்த்தேன். இரண்டரைக்கு ஆச்சி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு காலியாக இருந்த தலைமாட்டைப் பார்த்துப் பேசினார்.

"அம்பது வருசமா உங்களுக்காக வாயைப் பொத்தினேன் அப்பச்சி. நீக போனப்பவும் சத்தம் போட்டு அழுகல, மதியம்னு. எங்காத்தா இருமக்கூட விடல நீக. இனி முடியாது. தூங்க முடியலைன்னா நீக எந்திரிச்சுப் போங்க. நான் படிப்பேன்."

 அவர் விட்ட வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை துண்டு யாரிடமும் வரவில்லை.

மூன்று மணிக்குக் காக்கை கத்தியது. டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஆறே காலுக்கு, எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதென்று திரையில் காட்டிய பிறகு, தானாகவே இரண்டு முறை தட்டிவிட்டு நின்றது. கிழட்டு மாடு வீடு வந்து சேர்ந்து படுத்த மாதிரி. பாவம், அதைத் தடவிக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் வளவில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று டம்ளர் சுக்குக் காப்பி குடித்தோம். சிரிக்க முயன்றால் வாய் வலித்தது.

புது டிஸ்க்குகளோடு சர்வரை எழுப்பினேன். தனியாக ஒரு காப்பி என் கடையில், இன்னொன்று, நெட் வழியாக அனுப்பி, வெளிநாட்டில் ஆச்சியின் தம்பி வீட்டில். போனது பதினோரு பாடம். இரண்டு அன்றைக்கே பதிவாகிவிட்டது, மீதி ஒன்பது. ஆச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. நாலைந்து நாள் வாசிக்கவே முடியாது, அதன் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு பாடத்துக்கு மேல் வராது. பரவாயில்லை, நாள் இருக்கிறது என்று நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை தீபலட்சுமி போன் செய்தாள். ஆச்சி போனை எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அக்கா, மூணாம் பாடம் கேட்டேன். யாருக்கா அந்தப் பெரியவரு?"

"எந்தப் பெரியவரு? மூணாம் பாடம் நான் இன்னும் படிக்கவே இல்லையே."

"நல்லாத்தான் படிக்கிறாரு, நிதானமா. ஆனா கேட்டு முடிச்சதுக்கப்புறம் எனக்குப் பேச்சு வரலக்கா. ஒரு மணி நேரம். அம்மா கூப்பிடுறாக, வாயைத் திறக்குறேன், காத்துதான் வருது."

காலியாகக் கிடந்த கோப்பைத் திறந்தோம். அது இப்போது காலியாக இல்லை. முதல் வார்த்தையிலேயே ஆச்சி என் கையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி நிறுத்திவிட்டார். யார் குரலென்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.

அழித்தேன். மறுநாள் மதியத்துக்குப் பிறகு அது திரும்ப இருந்தது. பக்கத்தில் நாலாம் பாடமும் நிரம்பியிருந்தது. இரண்டையும் யாரும் இறக்க முடியாதபடி பூட்டி வைத்தேன். கரண்டைப் பிடுங்கி வைத்தும் பார்த்தேன், வியாழக்கிழமை ஐந்தாம் பாடமும் நிரம்பியிருந்தது. ஆச்சி படித்து முடித்த பாடங்களை மட்டும் அப்பச்சி தொடவில்லை. காலி இடம் இருந்தால்தான் வந்து உட்காருகிறார்.

"என்னை நிறுத்த முடியலைல, அதான் எனக்கு முந்தி அவுகளே படிச்சு வைக்கிறாக" என்றார் ஆச்சி. எழுபது பக்கத்தைத் தள்ளிப் புத்தகத்தின் கடைசிக்குப் போனார். "அவுக முன்னாலருந்து வரட்டும். நான் பின்னாலருந்து வாரேன். எங்க முட்டுதுன்னு பார்ப்போம். அவுக புடிச்சதை எல்லாம் பெறகு வேற பேர்ல படிச்சுக்கிறலாம்."

அன்றே பதினோராம் பாடத்தைப் படித்தார். வெள்ளிக்கிழமை அப்பச்சி ஆறை முடித்தபோது, ஆச்சி வெறும் வயிற்றில் மிளகையும் பனங்கற்கண்டையும் மென்றுகொண்டு, தொண்டை சொன்னதைக் கேட்காமல், காலையில் பத்தையும் மாலையில் ஒன்பதையும் முடித்தார். இன்று காலையில் எட்டு முடிந்தது.

இன்று சனிக்கிழமை. இருவர் கையிலும் சிக்காமல் மீதி இருப்பது ஏழாம் பாடம் ஒன்றுதான். ஒன்பது பேரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து அதே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆச்சியின் தொண்டை போனால் எடுத்துப் படிக்க எனக்கும் ஒரு புத்தகம் மடியில் இருக்கிறது.

பன்னிரண்டு நாற்பது.

ஆச்சி மைக்கை அருகே இழுத்து, "ஏழாம் பாடம்" என்றார்.

சர்வரில் யாரும் தொடாமலே அந்தக் கோப்பு திறந்துகொண்டது. ஸ்பீக்கரிலிருந்து, அதே நேரத்தில், நிதானமான ஒரு குரல், "ஏழாம் பாடம்" என்றது.

ஆச்சி என்னைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.